பூட்டபிள் பென்டிரைவ் தயாரித்து விண்டோஸை நீங்களே மீண்டும் போடுவது எப்படி: முழுமையான வழிகாட்டி

பூட்டபிள் பென்டிரைவ், அதாவது கணினியைத் தன்னிலிருந்தே கிளப்பி விண்டோஸை நிறுவும் பென்டிரைவ், தயாரிப்பது சின்ன வேலை. இணைய வேகம் சரியாக இருந்தால் அரை மணி நேரத்தில் முடியும். அது சரியாக வராவிட்டால் இன்னொரு முறை எழுதிக்கொள்ளலாம், ஒன்றும் குடிமுழுகிப் போகாது. ஆட்கள் கையைச் சுட்டுக்கொள்வது அதற்கு முன்னும் பின்னும்தான்: எடுத்து வைக்காத கோப்புகள், குறித்து வைக்காத மீட்பு எண், முன்கூட்டியே இறக்காத டிரைவர் (வைஃபை, டிஸ்க் போன்ற பாகங்களை விண்டோஸ் இயக்க உதவும் மென்பொருள்), அப்புறம் 'எந்த டிஸ்கில் போடுவது' என்று கேட்கும் அந்த ஒரு பக்கம். அதனால் அந்த இடங்களில் கொஞ்சம் நின்று பார்ப்போம். 'நெக்ஸ்ட்' மட்டும் அழுத்த வேண்டிய இடங்களை வேகமாகக் கடந்துவிடலாம்.

உதாரணத்துக்கு விண்டோஸ் 11-ஐ எடுத்துக்கொள்கிறேன். விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்துவிட்டதால், இப்போது புதிதாகப் போடுகிறவர்களில் பெரும்பாலானோர் 11-ஐத்தான் போடுவார்கள். பழைய கணினிக்கு லினக்ஸ் (விண்டோஸுக்கு மாற்றான இலவச இயங்குதளம்) போடுவதைப் பற்றியும் நடுவில் சொல்கிறேன்.

ஃபார்மட் அடித்துத்தான் ஆக வேண்டுமா?

விண்டோஸ் இன்னும் திறக்கிறது, ஆனால் படுத்துகிறது என்றால், முதலில் செட்டிங்ஸில் 'சிஸ்டம்', அதற்குள் 'ரெகவரி' போய்ப் பாருங்கள். 'ரீசெட் திஸ் பிசி' என்று ஒன்று இருக்கும். 'கிளவுட் டவுன்லோட்' தேர்ந்தெடுத்தால் மைக்ரோசாஃப்டிடமிருந்து புதிதாக இறக்கி, உள்ளிருந்தபடியே விண்டோஸை மீண்டும் போட்டுவிடும். பென்டிரைவே தேவையில்லை.

பென்டிரைவ் தேவைப்படுவது வேறு சில நிலைமைகளில்: விண்டோஸ் திறக்கவே மறுக்கிறது, புது எஸ்எஸ்டி (சுழலும் பாகம் இல்லாத வேகமான டிஸ்க்) மாட்டியிருக்கிறீர்கள், மால்வேர் புகுந்துவிட்டதாகச் சந்தேகம், அல்லது கடையில் யாரோ போட்டுக்கொடுத்த கிராக் விண்டோஸை எடுத்துவிட்டுச் சுத்தமாக ஆரம்பிக்க வேண்டும்.

இன்னொன்று. கணினி மெதுவாக இருப்பதற்குக் காரணம் ஹார்ட் டிஸ்காகவே இருக்கலாம். கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற இலவச மென்பொருளைத் திறந்தால் டிஸ்கின் உடல்நிலையை ஒரே வார்த்தையில் சொல்லும். 'குட்' என்றால் சரி. 'காஷன்' அல்லது 'பேட்' என்று வந்தால் எத்தனை முறை ஃபார்மட் அடித்தாலும் பயனில்லை; கோப்புகளை எடுத்துவிட்டு டிஸ்கை மாற்ற வேண்டும். சுழலும் பழைய ஹார்ட் டிஸ்கிலேயே இன்னும் விண்டோஸ் ஓடிக்கொண்டிருந்தால், ஃபார்மட்டை விட எஸ்எஸ்டிக்கு மாறுவதில்தான் உண்மையான வித்தியாசம் தெரியும்.

எதையெல்லாம் எடுத்து வைப்பது

'என் ஃபைல் எல்லாம் டெஸ்க்டாப்பில்தான் இருக்கிறது, சி டிரைவில் ஒன்றும் இல்லை' என்று பலர் சொல்வார்கள். டெஸ்க்டாப் இருப்பதே சி டிரைவில்தான். டவுன்லோட்ஸ், டாக்குமெண்ட்ஸ், பிக்சர்ஸ் எல்லாமும் அங்கேதான். சி டிரைவில் 'யூசர்ஸ்' ஃபோல்டருக்குள் உங்கள் பெயரில் இருக்கும் ஃபோல்டரை அப்படியே வெளி ஹார்ட் டிஸ்குக்கு நகலெடுப்பது நல்லது. ஒன்டிரைவ் ஓடுகிற கணினி என்றால் கோப்பின் அருகே மேகப் படம் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அந்தக் கோப்பு கணினியில் இல்லை, இணையத்தில் மட்டும்தான் இருக்கிறது.

அதற்கப்புறம் எல்லோரும் மறக்கிற சில விஷயங்கள்.

டேலி வைத்திருக்கும் கடைக்காரர்கள் கவனிக்கவும். டேலியின் டேட்டா ஃபோல்டர் பெரும்பாலும் சி டிரைவிலேயே இருக்கும். டேலிக்குள் கம்பெனியைத் திறந்து பார்த்தால் டேட்டா எந்தப் பாதையில் இருக்கிறது என்று தெரியும். அந்த ஃபோல்டரை முழுதாக நகலெடுங்கள், டேலியின் சொந்த பேக்கப்பையும் தனியாக ஒன்று எடுங்கள். ஜிஎஸ்டிக்கு டிஜிட்டல் கையொப்ப டோக்கன் பயன்படுத்தினால், அதற்கான மென்பொருளை எங்கே இறக்குவது என்று இப்போதே தேடி வைத்துக்கொள்வது நல்லது. ரிட்டர்ன் போட வேண்டிய கடைசி நாளில் தேடுவது பெரிய இம்சை.

தமிழில் டைப் செய்கிறவர்களுக்கு எழுத்துரு முக்கியம். பாமினி, வானவில் ஔவையார் போன்ற யூனிகோடு அல்லாத பழைய எழுத்துருக்களில் அடித்த கோப்புகள் வீட்டிலும் அலுவலகத்திலும் ஏராளம். விண்டோஸைப் புதிதாகப் போட்டதும் அந்த எழுத்துருக்கள் காணாமல் போகும். கோப்பைத் திறந்தால் தமிழுக்குப் பதில் ஆங்கில எழுத்துகளும் குறிகளும் கலந்த குழப்பம்தான் தெரியும். கோப்பு கெட்டுப்போகவில்லை, எழுத்துருவைத் திரும்பப் போட்டால் சரியாகிவிடும். ஆனால் அந்த எழுத்துரு எங்கே கிடைக்கும்? அதனால்தான் விண்டோஸ் ஃபோல்டருக்குள் இருக்கும் 'ஃபான்ட்ஸ்' ஃபோல்டரிலிருந்து தமிழ் எழுத்துருக்களை இப்போதே நகலெடுத்துக்கொள்ளச் சொல்கிறேன். அழகி, என்ஹெச்எம் ரைட்டர் போன்ற மென்பொருள்கள் இருந்தால் அவற்றின் நிறுவல் கோப்புகளையும் சேர்த்து வையுங்கள்.

பிரவுசரில் சேமித்த பாஸ்வேர்டுகள் உங்கள் கணக்கோடு சிங்க் ஆகியிருக்கின்றனவா என்று ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். லேப்டாப்போடு வந்த எம்எஸ் ஆஃபீஸ் எந்த மின்னஞ்சலோடு இணைக்கப்பட்டிருக்கிறது என்பதையும் குறித்து வையுங்கள். அந்தக் கணக்கில் நுழைந்தால்தான் ஆஃபீஸ் திரும்பக் கிடைக்கும். வாங்கிய அன்று கடைப் பையன் அவசரமாக உருவாக்கிக் கொடுத்த மின்னஞ்சலாக அது இருந்தால், பாஸ்வேர்டை மீட்க வேண்டியது இப்போது.

பிட்லாக்கர் என்ற பூட்டு

இதைத் தனியாகச் சொல்லக் காரணம், இங்கே மாட்டிக்கொண்டால் எந்தக் கடைக்காரராலும் மீட்டுத்தர முடியாது என்பதுதான்.

இப்போதைய லேப்டாப்கள் பலவற்றில் நீங்கள் கேட்காமலே டிஸ்க் பூட்டப்பட்டிருக்கும். மைக்ரோசாஃப்ட் கணக்கோடு முதல்முறை உள்ளே நுழைந்தபோதே 'டிவைஸ் என்க்ரிப்ஷன்' தானாக இயங்கியிருக்கும். விண்டோஸ் 11-இன் 24ஹெச்2 பதிப்பிலிருந்து புதிதாக நிறுவும்போது ஹோம், புரோ இரண்டிலும் இது இன்னும் பரவலாகிவிட்டது. பூட்டுக்கான மீட்பு எண் 48 இலக்கம் கொண்டது. பயாஸில் (விண்டோஸுக்கு முன்பே ஓடும் மதர்போர்டின் அடிப்படை மென்பொருள்) செக்யூர் பூட் (நம்பகமற்ற மென்பொருளிலிருந்து கணினி கிளம்பாமல் தடுக்கும் வசதி) போன்ற எதையாவது மாற்றினால் விண்டோஸ் அந்த எண்ணைக் கேட்கும். அதைவிட மோசமான நிலைமை இது: சி டிரைவை மட்டும் அழித்து விண்டோஸ் போடுகிறீர்கள், டி டிரைவும் பூட்டப்பட்டிருக்கிறது என்று வையுங்கள். புது விண்டோஸில் டி டிரைவ் தெரியும், திறக்காது.

செட்டிங்ஸில் 'பிரைவசி அண்ட் செக்யூரிட்டி' பகுதியில் 'டிவைஸ் என்க்ரிப்ஷன்' ஆனில் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கின் இணையப் பக்கத்தில் அந்தக் கணினிக்குரிய மீட்பு எண் இருக்கும். அதைத் தாளில் எழுதியோ மொபைலில் படமெடுத்தோ வையுங்கள். அதே கணினிக்குள் சேமித்து வைப்பதில் அர்த்தமில்லை.

லைசன்ஸ், டிரைவர்

செட்டிங்ஸில் 'ஆக்டிவேஷன்' பக்கத்துக்குப் போய், உங்களிடம் இருப்பது ஹோமா, புரோவா என்று குறித்துக்கொள்ளுங்கள். விண்டோஸ் 8 காலத்திலிருந்து பிராண்டட் லேப்டாப்களில் கீ (லைசன்ஸ் எண்) மதர்போர்டின் ஃபர்ம்வேரிலேயே பதிந்து வருகிறது. விண்டோஸ் 10, 11-இல் டிஜிட்டல் லைசன்ஸும் உண்டு. ஆகவே அதே பதிப்பை மீண்டும் போட்டு இணையத்தில் இணைத்தால் தானாக ஆக்டிவேட் ஆகிவிடும். ஹோம் லைசன்ஸ் வைத்துக்கொண்டு ஆசைக்குப் புரோ போட்டால் ஆகாது.

டிரைவரில் இரண்டு மட்டும் முக்கியம். ஒன்று வைஃபை. புது விண்டோஸுக்கு உங்கள் வைஃபை சிப்பைத் தெரியாமல் போனால், இணையம் இல்லாமல் அமைப்புப் பக்கத்திலேயே நின்றுவிடும். லேப்டாப் கம்பெனியின் தளத்தில் உங்கள் மாடல் எண்ணைக் கொடுத்து வைஃபை டிரைவரை இறக்கி வையுங்கள். அது கைகொடுக்காவிட்டால் ஆண்ட்ராய்டு மொபைலைக் கேபிளில் இணைத்து 'யுஎஸ்பி டெதரிங்' போட்டால் பெரும்பாலும் வேலை நடந்துவிடும்.

இரண்டாவது, இன்டெல் விஎம்டி. 11-ஆம் தலைமுறை இன்டெல் பிராசசரிலிருந்து வரும் பல லேப்டாப்களில், நிறுவலின் நடுவே டிஸ்க் பட்டியல் காலியாக வந்து நிற்கும். எஸ்எஸ்டி செத்துவிட்டது என்று பயப்பட வேண்டாம். டிஸ்க் விஎம்டி என்ற கட்டுப்படுத்திக்குப் பின்னால் இருக்கிறது, அதைப் பார்க்கும் டிரைவர் விண்டோஸ் நிறுவியிடம் இல்லை, அவ்வளவுதான். 'இன்டெல் ரேபிட் ஸ்டோரேஜ் டெக்னாலஜி' என்ற டிரைவரை அதே தளத்திலிருந்து இறக்கி, விரித்து, ஒரு ஃபோல்டராக வைத்துக்கொள்ளுங்கள். பென்டிரைவ் தயாரானதும் அதற்குள் இந்த ஃபோல்டரை நகலெடுத்துவிடலாம்.

பென்டிரைவ்

8 ஜிபி போதும், 16 ஜிபி வசதி. அதில் இருப்பவை எல்லாம் அழிந்துவிடும் என்பதால் காலியானதை எடுங்கள். சந்தையில் குறைந்த விலைக்கு '1 டிபி' என்று விற்கிற போலி பென்டிரைவ்களைத் தொடாதீர்கள். அவை கொள்ளளவைப் பொய்யாகக் காட்டும், எழுதியதும் பாதியில் கோப்பு கெட்டிருக்கும். சந்தேகம் இருந்தால், கீழே சொல்லப்போகும் ரூஃபஸ் மென்பொருளில் 'பேட் பிளாக்ஸ்' (கெட்டுப்போன இடங்கள்) சோதிக்கும் தேர்வு இருக்கிறது. நேரம் பிடிக்கும், ஆனால் போலியைக் கண்டுபிடித்துவிடும்.

இறக்க வேண்டிய கோப்பு 5 ஜிபிக்கு மேல். நாளொன்றுக்கு 2 ஜிபி தரும் மொபைல் பேக்கை நம்பி ஆரம்பிக்க வேண்டாம். ஃபைபர் இணைப்பு இருக்கும் வீட்டில் உட்கார்ந்து செய்யுங்கள்.

எளிய வழி: மீடியா கிரியேஷன் டூல்

உங்கள் கணினி விண்டோஸ் 11-க்கு முறையாகத் தகுதியானது என்றால் வேறு எதையும் தேட வேண்டாம். மைக்ரோசாஃப்ட் தளத்தின் விண்டோஸ் 11 தரவிறக்கப் பக்கத்தில் 'மீடியா கிரியேஷன் டூல்' கிடைக்கும். ஓடும் விண்டோஸ் கணினி ஒன்றில் அதைத் திறந்து, நிபந்தனைகளை ஏற்று, மொழியாக ஆங்கிலத்தைத் தேர்ந்தெடுத்து, 'யுஎஸ்பி ஃபிளாஷ் டிரைவ்' என்பதைச் சொடுக்கி, பட்டியலில் உங்கள் பென்டிரைவைக் காட்டினால் மீதியை அதுவே பார்த்துக்கொள்ளும். தமிழ் இடைமுகம் வேண்டுமென்றால் விண்டோஸ் போட்ட பிறகு செட்டிங்ஸில் சேர்த்துக்கொள்ளலாம்.

கணினி கிளம்புவதில் புதிய யூஇஎஃப்ஐ, பழைய பயாஸ் என்று இரண்டு முறைகள் உண்டு; இப்படி எழுதிய பென்டிரைவ் இரண்டிலும் கிளம்பும். அதனால்தான் இதை முதலில் சொல்கிறேன்.

கூடுதல் வசதி வேண்டுமென்றால்: ரூஃபஸ்

பீட் பட்டார்ட் எழுதிய ரூஃபஸ் சில எம்பி அளவே உள்ள ஓப்பன் சோர்ஸ் மென்பொருள். நிறுவாமலே ஓடும். 'ரூஃபஸ் டாட் ஐஇ' என்பதுதான் அதன் சொந்தத் தளம். கூகுளில் தேடினால் அதே பெயரில் போலித் தளங்களும் விளம்பரங்களும் வரும், பார்த்து இறக்குங்கள்.

இதற்கு ஐஎஸ்ஓ கோப்பு (நிறுவல் வட்டு முழுவதையும் ஒரே கோப்பாக்கியது) தனியாக வேண்டும். மைக்ரோசாஃப்டின் அதே பக்கத்தில் கீழே 'டிஸ்க் இமேஜ்' என்று கிடைக்கும். கொடுக்கப்படும் இணைப்பு 24 மணி நேரம்தான் செல்லும். 'லைட்', 'கேமிங் எடிஷன்' என்ற பெயர்களில் யாரோ வெட்டி ஒட்டிய ஐஎஸ்ஓக்கள் டெலிகிராமில் சுற்றுகின்றன. வங்கிக் கணக்கைத் திறக்கப்போகும் கணினியில் அவற்றைப் போடுவது புத்திசாலித்தனம் இல்லை. இறக்கியது முழுமையாக வந்ததா என்று பார்க்க, மைக்ரோசாஃப்ட் அதே பக்கத்தில் கொடுக்கும் ஷா-256 எண்ணை (கோப்பின் கைரேகை மாதிரி) ஒப்பிடலாம். ரூஃபஸில் ஐஎஸ்ஓவைத் தேர்ந்தெடுத்ததும் அருகிலிருக்கும் டிக் பொத்தானை அழுத்தினால் உங்கள் கோப்பின் எண் வரும். இரண்டும் ஒன்றாக இருக்க வேண்டும், ஓர் எழுத்து மாறினாலும் மறுபடி இறக்குங்கள்.

இனி படிகள்.

1. மற்ற பென்டிரைவ்கள், மெமரி கார்டுகளைக் கழற்றிவிட்டு ஒன்றை மட்டும் செருகி ரூஃபஸைத் திறக்கவும். மேலே 'டிவைஸ்' என்ற இடத்தில் அதன் பெயரும் அளவும் சரிதானா என்று பார்க்கவும்.

2. 'செலக்ட்' அழுத்தி ஐஎஸ்ஓவைக் காட்டவும்.

3. 'பார்ட்டிஷன் ஸ்கீம்' (டிஸ்கின் பகுதிகளைக் குறித்து வைக்கும் அட்டவணை முறை; ஜிபிடி புதியது, எம்பிஆர் பழையது) என்பதுதான் யோசிக்க வேண்டிய இடம். ஓரளவு புதிய கணினி என்றால் ஜிபிடி; 'டார்கெட் சிஸ்டம்' தானாக யூஇஎஃப்ஐ ஆகிவிடும். பழைய பயாஸ் முறையில் ஓடும் கணினிக்கு எம்பிஆர். எது உங்களுடையது என்று தெரியாவிட்டால், அந்தக் கணினியின் ஸ்டார்ட் மெனுவில் 'சிஸ்டம் இன்ஃபர்மேஷன்' தேடித் திறந்து 'பயாஸ் மோட்' வரியைப் பாருங்கள். 'யூஇஎஃப்ஐ' அல்லது 'லெகசி' என்று இருக்கும்.

4. 'ஃபைல் சிஸ்டம்' (டிஸ்கில் கோப்புகளை அடுக்கும் முறை) என்டிஎஃப்எஸ் என்று வந்திருந்தால் அப்படியே விடவும். ஃபேட்32 என்ற இன்னொரு முறையில் ஒரே கோப்பு 4 ஜிபியைத் தாண்ட முடியாது. விண்டோஸ் ஐஎஸ்ஓவுக்குள் இருக்கும் முக்கியக் கோப்பு அதைத் தாண்டிவிடுகிறது. யூஇஎஃப்ஐயோ ஃபேட்32-ஐத்தான் நிச்சயமாகப் படிக்கும். இந்த முரண்பாட்டைச் சமாளிக்க ரூஃபஸ் பென்டிரைவின் கடைசியில் குட்டிப் பகுதி ஒன்றை ஒதுக்கி, அதில் என்டிஎஃப்எஸ்ஸைப் படிக்கும் நிரலை வைக்கிறது. கணினி முதலில் அதைத் திறக்கும், அது பெரிய பகுதியைத் திறந்துவிடும். வெறுமனே ஐஎஸ்ஓவை பென்டிரைவில் காப்பி செய்தால் ஏன் பூட் ஆகாது என்பதற்கும் இதில் பாதி விடை இருக்கிறது.

5. 'ஸ்டார்ட்' அழுத்தினால் ஒரு சின்ன ஜன்னல் வரும். டிபிஎம் (பாதுகாப்புச் சாவிகளை வைக்கும் சிப்), செக்யூர் பூட், 4 ஜிபி ரேம் நிபந்தனைகளை நீக்குவது, மைக்ரோசாஃப்ட் கணக்கு கட்டாயத்தை நீக்கி லோக்கல் கணக்கு (அந்தக் கணினிக்குள் மட்டும் இருப்பது) உருவாக்குவது, தானாக பிட்லாக்கர் பூட்டுவதைத் தடுப்பது ஆகியவை அதில் இருக்கும். தகுதியான கணினிக்கு முதல் தேர்வு தேவையில்லை. லோக்கல் கணக்கு உங்கள் விருப்பம். பெயரைத் தமிழில் கொடுக்காமல் இடைவெளி இல்லாத ஆங்கிலச் சிற்றெழுத்தில் கொடுங்கள், பழைய மென்பொருள்கள் சில ஃபோல்டர் பெயரில் தமிழ் எழுத்தைக் கண்டால் தடுமாறும்.

6. எல்லாம் அழியும் என்ற எச்சரிக்கைக்கு 'ஓகே'. பச்சைக் கோடு கடைசிப் பகுதியில் நெடுநேரம் நின்றாலும் கழற்றாதீர்கள். மலிவான பென்டிரைவில் அந்த இடம் அப்படித்தான் நகரும். முடிந்ததும் டிரைவர் ஃபோல்டரை உள்ளே நகலெடுத்து, 'எஜெக்ட்' செய்து எடுக்கவும்.

தகுதியில்லாத பழைய கணினிக்கு என்ன செய்வது?

டிபிஎம் நிபந்தனையை நீக்கிப் போட்டால் விண்டோஸ் 11 ஓடும். ஆனால் அப்படிப்பட்ட கணினிக்கு அப்டேட் தொடர்ந்து வரும் என்று மைக்ரோசாஃப்ட் உறுதி தரவில்லை. 24ஹெச்2 முதல் கோர் 2 டூயோ காலத்துப் பிராசசர்களில் எந்தக் குறுக்குவழியும் செல்லாது. தேவையான கட்டளைகளே அந்தச் சிப்பில் இல்லை.

2011-இல் தொடங்கிய தமிழக அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் வாங்கியவை இன்னும் பல வீட்டுப் பரண்களில் கிடக்கின்றன. அந்த முதல் சில ஆண்டு லேப்டாப்களில் விண்டோஸ் 11-ஐத் திணிப்பதை விட லினக்ஸ் மின்ட்டின் இலகுவான எக்ஸ்எஃப்சிஇ பதிப்பைப் போடுவதுதான் என் பரிந்துரை. மின்ட் குறைந்தது 2 ஜிபி ரேம் கேட்கிறது, 4 ஜிபி இருந்தால் நிம்மதி. மின்ட் 22 வரிசைக்கு 2029 வரை ஆதரவு உண்டு. படிக்கிற பிள்ளைக்கு பிரவுசரும் லிப்ரேஆஃபீஸும் போதும் என்றால் அது தாராளமாக ஓடும்.

செய்முறை அதே ரூஃபஸ்தான். ஐஎஸ்ஓவை மாற்றிக் கொடுங்கள், எந்த முறையில் எழுதட்டும் என்று கேட்டால் பரிந்துரைக்கும் 'ஐஎஸ்ஓ மோட்' போதும். அது பூட் ஆகாவிட்டால் மட்டும் 'டிடி மோட்' (ஐஎஸ்ஓவை மாற்றாமல் அப்படியே பென்டிரைவில் எழுதும் முறை). லினக்ஸ் பென்டிரைவுக்கு இன்னொரு பயன் உண்டு. விண்டோஸ் திறக்காத கணினியில் இதை வைத்து பூட் செய்தால், எதையும் நிறுவாமலே டெஸ்க்டாப் வரும். அங்கிருந்து சி டிரைவைத் திறந்து உங்கள் கோப்புகளை வெளி டிஸ்குக்கு எடுத்துவிடலாம். மேலே சொன்ன பேக்கப் எல்லாம் இந்த வழியிலும் நடக்கும், பிட்லாக்கர் பூட்டியிருந்தால் மட்டும் மீட்பு எண் இல்லாமல் கதவு திறக்காது.

பல ஓஎஸ்களை ஒரே பென்டிரைவில் வைத்துக்கொள்ள விரும்புகிறவர்கள் வென்டாய் என்ற மென்பொருளைப் பாருங்கள். ஒருமுறை நிறுவிவிட்டால் ஐஎஸ்ஓக்களை அப்படியே காப்பி செய்தாலே போதும். செக்யூர் பூட் உள்ள கணினியில் முதல்முறை அதன் சாவியைப் பதியச் சொல்லி நீலத் திரை வரும், அதில் பதட்டப்பட ஒன்றுமில்லை.

வீட்டில் இருப்பதே ஒரு கணினிதான், அதுவும் எழவில்லை என்றால்? பென்டிரைவை மொபைலில் இணைக்கும் ஓடிஜி கேபிளும் எட்ச்டிராய்டு என்ற இலவச ஆப்பும் இருந்தால் ஆண்ட்ராய்டு மொபைலிலிருந்தே லினக்ஸ் ஐஎஸ்ஓவை எழுதலாம். விண்டோஸுக்கு அது சரிவராது, அதற்கு நண்பர் ஒருவரின் கணினியைக் கேட்டுத்தான் ஆக வேண்டும்.

பென்டிரைவிலிருந்து கிளம்புவது

விண்டோஸ் திறக்கும் நிலையில் இருந்தால் எந்தப் பொத்தானையும் தேட வேண்டாம். ஷிஃப்ட்டை அழுத்திப் பிடித்தபடி 'ரீஸ்டார்ட்' கொடுங்கள். நீலத் திரையில் 'யூஸ் எ டிவைஸ்' என்பதற்குள் பென்டிரைவ் இருக்கும்.

திறக்காவிட்டால் பவர் பொத்தானை அழுத்தியதும் பூட் மெனுக்கான விசையைத் தட்டிக்கொண்டே இருக்க வேண்டும். டெல், லெனோவா, ஏசரில் எஃப்12. ஹெச்பியில் எஸ்கேப், பிறகு எஃப்9. ஆசுஸ் லேப்டாப்பில் எஸ்கேப். எம்எஸ்ஐயில் எஃப்11. ஏசரில் எஃப்12 அழுத்தியும் ஒன்றும் வரவில்லையென்றால் எஃப்2 வழியாகப் பயாஸுக்குள் போய் 'எஃப்12 பூட் மெனு' என்பதை ஆன் செய்ய வேண்டியிருக்கும்.

பட்டியலில் ஒரே பென்டிரைவ் இரண்டு முறை தெரியலாம், ஒன்றின் முன்னால் 'யூஇஎஃப்ஐ' என்று இருக்கும். புதிய கணினியில் அதைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும். பென்டிரைவ் பட்டியலிலேயே வரவில்லையென்றால் வேறு போர்ட்டில், முக்கியமாக ஹப் எதுவும் இல்லாமல் நேரடியாக மாட்டிப் பாருங்கள். பழைய கணினிகளில் நீல நிற யுஎஸ்பி 3 போர்ட்டை விடக் கறுப்பு யுஎஸ்பி 2 போர்ட் நம்பகமானது.

தொடங்கும் முன் லேப்டாப்பில் சார்ஜர் மாட்டியிருக்கட்டும். டெஸ்க்டாப் என்றால் யுபிஎஸ் இருக்கும் நேரமாகப் பாருங்கள், பாதியில் கரண்ட் போனால் முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும்.

அந்த ஒரு பக்கம்

மொழி, கீபோர்டு கேட்கும், நெக்ஸ்ட். 24ஹெச்2 முதல், எல்லாம் அழியும் என்பதற்குச் சம்மதம் கேட்டு ஒரு டிக் போடச் சொல்லும். டிக் போட்ட உடனே எதுவும் அழியாது. கீ கேட்டால் 'ஐ டோன்ட் ஹேவ் எ ப்ராடக்ட் கீ'. பதிப்பு கேட்டால் நீங்கள் குறித்து வைத்த ஹோம் அல்லது புரோ.

அடுத்து வருவதுதான் டிஸ்க் பட்டியல். இங்கே சி, டி என்ற எழுத்துகள் தெரியாது. 'டிஸ்க் 0 பார்ட்டிஷன் 1' என்ற மாதிரி எண்கள்தான். அளவைப் பார்த்துத்தான் அடையாளம் காண வேண்டும் என்பதால், முன்பே விண்டோஸில் சி எத்தனை ஜிபி, டி எத்தனை ஜிபி என்று எழுதி வைத்திருப்பது உதவும். டெஸ்க்டாப்பில் டேட்டாவுக்கென்று தனி ஹார்ட் டிஸ்க் இருந்தால், இந்த வேலை முடியும்வரை அதன் கேபிளைக் கழற்றிவிடுங்கள். இல்லாத டிஸ்கை யாராலும் அழிக்க முடியாது.

பட்டியலே காலி என்றால் விஎம்டி விவகாரம்: 'லோட் டிரைவர்' அழுத்தி, பென்டிரைவில் வைத்த இன்டெல் ஃபோல்டரைக் காட்டுங்கள். டிஸ்க் உடனே தெரியும்.

எல்லாவற்றுக்கும் பேக்கப் இருக்கிறது, டிஸ்க் முழுவதும் சுத்தமாக வேண்டும் என்றால், அந்த டிஸ்கில் உள்ள பார்ட்டிஷன்களை ஒவ்வொன்றாக 'டெலிட்' செய்து, மிஞ்சும் 'அன்அலோகேட்டட்' இடத்தைத் தேர்ந்தெடுத்து நெக்ஸ்ட் கொடுங்கள். தேவையான சின்னச் சின்னப் பகுதிகளை விண்டோஸே உருவாக்கிக்கொள்ளும், நீங்கள் ஃபார்மட் கூடச் செய்ய வேண்டாம். டி டிரைவை வைத்துக்கொள்ள வேண்டுமென்றால், பழைய சி இருந்த பார்ட்டிஷனை மட்டும் டெலிட் செய்து அந்த இடத்தில் போடுங்கள். 100 எம்பி அளவில் இருக்கும் 'சிஸ்டம்' பகுதியைத் தொட வேண்டாம்.

'டிஸ்கில் எம்பிஆர் அட்டவணை இருக்கிறது, ஜிபிடியில்தான் போட முடியும்' என்ற பொருளில் பிழை வந்தால், பென்டிரைவ் ஒரு முறையில் கிளம்பியிருக்கிறது, டிஸ்க் இன்னொரு முறையில் இருக்கிறது என்று அர்த்தம். டேட்டா எதுவும் வேண்டாம் என்றால் எல்லாப் பார்ட்டிஷன்களையும் டெலிட் செய்தால் ஜிபிடியாக மாறிவிடும். டி டிரைவ் வேண்டுமென்றால் வெளியேறி, பூட் மெனுவில் 'யூஇஎஃப்ஐ' என்று போடாத பதிவைத் தேர்ந்தெடுங்கள். ரூஃபஸில் ஜிபிடி கொடுத்து எழுதிய பென்டிரைவ் அந்த வழியில் கிளம்பாது, எம்பிஆர் கொடுத்து மறுபடி எழுத வேண்டும்.

கோப்புகள் நகலாகி முதல்முறை ரீஸ்டார்ட் ஆகும்போது பென்டிரைவை எடுத்துவிடுங்கள். இல்லாவிட்டால் சில கணினிகள் மறுபடி அதிலிருந்தே கிளம்பி முதல் பக்கத்தைக் காட்டும். அப்படிக் காட்டினால் அணைத்து, எடுத்துவிட்டு, ஆன் செய்தால் விட்ட இடத்திலிருந்து தொடரும்.

டெஸ்க்டாப் வந்த பிறகு

முதலில் விண்டோஸ் அப்டேட்டை ஓடவிடுங்கள். 'ஆப்ஷனல் அப்டேட்ஸ்' பகுதியையும் பாருங்கள், பெரும்பாலான டிரைவர்கள் அங்கேயே கிடைக்கும். அப்புறம் 'டிவைஸ் மேனேஜர்' திறந்து மஞ்சள் குறி ஏதும் இருக்கிறதா என்று பார்த்து, இருந்தால் அதற்கு மட்டும் கம்பெனித் தளத்துக்குப் போங்கள். டிரைவர் தேடித் தரும் மூன்றாம் தரப்பு மென்பொருள்கள் வேண்டாம். ஒரு டிரைவருக்கு ஐந்து விளம்பர மென்பொருள் கூடவே வரும்.

ஆக்டிவேஷன் பக்கத்தைப் பாருங்கள். ஆகவில்லையென்றால் பதிப்பு மாறிப் போட்டிருக்கிறீர்களா என்று சரிபார்க்கவும். ஆக்டிவேட்டர் கோப்புகளைத் தேடிப் போக வேண்டாம். அவை முதலில் கேட்பதே ஆன்டிவைரஸை அணைக்கச் சொல்லித்தான். பிட்லாக்கரைத் தடுக்காமல் போட்டிருந்தால் புது மீட்பு எண் உருவாகியிருக்கும், பழையது செல்லாது. அதையும் எழுதி வையுங்கள். தமிழில் தட்டச்சுக்கு, மொழிகளில் தமிழைச் சேர்த்தால் தமிழ்99, அஞ்சல் விசைப்பலகைகள் விண்டோஸிலேயே கிடைக்கும். நகலெடுத்து வைத்த பழைய எழுத்துருக்களை மொத்தமாகத் தேர்ந்தெடுத்து, வலது கிளிக் செய்து 'இன்ஸ்டால்' கொடுத்தால் போதும்.

பென்டிரைவைத் திரும்பச் சாதாரணமாகப் பயன்படுத்தும்போது, டிடி முறையில் எழுதியது என்றால் விண்டோஸ் அதை மிகச் சிறிய அளவாகக் காட்டும், அல்லது ஃபார்மட் செய்யச் சொல்லும். பென்டிரைவ் பழுதாகவில்லை. ரூஃபஸைத் திறந்து 'பூட் செலக்ஷன்' இடத்தில் 'நான் பூட்டபிள்' தேர்ந்தெடுத்து ஸ்டார்ட் கொடுத்தால் முழு அளவும் திரும்ப வந்துவிடும்.